கிணற்றில் விஷம் என்ற வதந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக் கொள்ளைநோயான கறுப்புச் சாவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1347 அக்டோபரில் ஜெனோவா வணிகர்களின் கப்பல்கள் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்கு வந்தது, எலித் தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவியது எல்லாம் சரி. ஆனால் இன்றைய பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரை விட்டுவிட்டீர்களே!

யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யாரோ கிளப்பிய வதந்தியை நம்பி, 1349 பிப்ரவரி 14 அன்று, நோய் அந்த ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே மரமேடை கட்டி உயிரோடு எரித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. யூதர்களிடம் கடன் வாங்கியவர்கள் எழுதிக்கொடுத்த பத்திரமும் வைத்த அடகும் அவரவர் கைக்கே திரும்பின, ரொக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யூதர்களும் இதே நோயில்தான் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமெண்ட் 1348-லேயே எடுத்துச் சொல்லியும் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் வேறு விதம். வேலைக்கு ஆள் இல்லாமல் கூலி ஏறியது, உடனே 1351-இல் சட்டம் போட்டு, நோய்க்கு முந்தைய கூலிக்கே உழைக்கச் சொன்னார்கள். இத்தாலியின் சியனாவில் அக்னோலோ டி துரா என்ற தகப்பன் தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்த காலம் அது.

ஸ்ட்ராஸ்பர்க் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்