அளவை விடுங்கள், காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலத் திமிங்கிலத்தையும் மெழுகு அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று 30 மீட்டர், இன்னொன்று கட்டைவிரல் நகத்தளவு என்பதோடு முடித்துவிட்டாரே! யானைக்கும் எறும்புக்கும்கூட அதைச் சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பேச நல்ல காரணம் வேறு இருக்கிறது: செவி.

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 20 அதிர்வு) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நீலத் திமிங்கிலத்தின் அழைப்பு பல நேரம் அந்த 20-க்கும் கீழே. மெழுகு அந்துப்பூச்சிக்கோ 3 லட்சம் ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்தார்கள். அதை வேட்டையாடும் வௌவாலின் ஒலியில் பதிவான உச்சமே 2 லட்சத்துச் சொச்சம்தான். எதிரியின் குரலையும் தாண்டிக் கேட்கும் காது! அதுவும் தலையில் இல்லை, வயிற்றின் அடிப்புறத்தில்.

கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அப்படியென்றால் 15 ஹெர்ட்ஸ் அழைப்பின் ஒரே ஓர் அலை 100 மீட்டர் நீளம். கூப்பிடும் திமிங்கிலத்தைப் போல மூன்று மடங்கு. காற்றில் 3 லட்சம் ஹெர்ட்ஸ் அலையோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நீண்ட அலை கடலுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்ச் சேரும். குட்டி அலையைச் சில மீட்டரிலேயே காற்று விழுங்கிவிடும். சரி, பூச்சிக்கு அது போதும். வௌவால் பக்கத்தில் வந்துவிட்டதா என்பதுதானே அதன் கவலை?

அப்புறம், கட்டுரையில் வந்த 'திமிங்கிலத்துக்குக் காது இல்லை' என்ற வரி சரியல்ல. வெளிமடல்தான் இல்லை. உள்ளே செவித்துளையில் குறும்பி, அதாவது காது மெழுகு, வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காகப் படிகிறது, வெளிர் நிறமும் கரு நிறமும் மாறி மாறி. இறந்த திமிங்கிலத்தின் வயதை அந்த அடுக்குகளை எண்ணிக் கணிக்கிறார்கள். (அந்துப்பூச்சியின் புழு வளர்வது தேனடை மெழுகில். அங்கும் மெழுகு, இங்கும் மெழுகு, தற்செயல்தான்.)

பெரிய கப்பல்களின் இரைச்சலில் பெரும்பகுதி திமிங்கிலம் பேசும் அதே தாழ்ந்த ஒலிகளில்தான் விழுகிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்து எழுதும்போது சேர்த்துக்கொண்டால் நன்று. பூச்சியைத் திமிங்கிலத்தின் கண்மேல் உட்காரவைத்த அந்தப் படத்துக்குப் பதிலாக ஓர் ஒலி அளவுகோல் போட்டால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்