மொரீஷியஸ் அரசியல் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே,

வணக்கம். ரோஸ்ஹில் நகரிலிருந்து எழுதுகிறேன். 1968-இல் நாடு விடுதலை அடைந்ததிலிருந்து பிரதமர் ஆனவர்கள் ஐந்தே பேர். சிவசாகர் ராம்கூலம், அவர் மகன் நவீன். அனிருத் ஜக்நாத், அவர் மகன் பிரவிந்த். இந்த இரு வீட்டுக்கும் வெளியே போல் பெராஞ்சே ஒருவர்தான். அவருக்கும் முழுசாக இரண்டு வருஷம் கிடைக்கவில்லை.

முதல் பிரதமர் சிவசாகர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். பீகாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பிள்ளை. பெல் ரீவ் கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்து, மாட்டுக் கொட்டிலில் நடந்த விபத்தில் ஒரு கண்ணையும் இழந்தவர். லண்டனில் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, அப்புறம் சட்டசபை, தொழிலாளர் கட்சி, விடுதலைப் பேச்சுவார்த்தை என்று படிப்படியாக மேலே வந்தார். 1982-இல் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எதிரணி இத்தீவின் 60 இடங்களையும் அள்ளியது. அவருடைய சொந்தத் தொகுதியே போனது. மறுபேச்சின்றி இறங்கினார். அந்த ஏற்றத்தையும் அந்த இறக்கத்தையும் நான் மதிக்கிறேன். பெராஞ்சேயும் தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், சிறை என்று கீழிருந்து வந்தவர்தான்.

2017 ஜனவரியில் நடந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா அனிருத் விலகினார், மகன் பிரவிந்த் பதவியேற்றார், நடுவில் தேர்தல் இல்லை. சட்டப்படி தப்பில்லை, பெரும்பான்மை ஆதரவு உள்ளவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். ஆனால் 2014-இல் மக்கள் ஓட்டுப் போட்டது அப்பாவைப் பிரதமராக முன்னிறுத்திய கூட்டணிக்கு. 2003-இல் அனிருத்திடமிருந்து பெராஞ்சேக்குப் பதவி கைமாறியபோதாவது, மூன்று வருஷம் அனிருத், இரண்டு வருஷம் பெராஞ்சே என்று தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தமிழ் ஆட்களையும் பாருங்கள். நூறு ரூபாய் நோட்டில் தொழிலாளர் கட்சி அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறது. அங்கிடி செட்டியார் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். 2002-இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்துப் பதவியையே விட்டார். இப்படி முதுகெலும்புள்ளவர்கள் எங்களிடம் இருந்தும், பிரதமர் வேட்பாளர் பேச்சு வரும்போது ஒரு தமிழ்ப் பெயர் அடிபட்டு நான் கேட்டதே இல்லை. தைப்பூசக் காவடிக்குக் கோவிலுக்கு வருகிறீர்கள், மாலை போடுகிறோம், முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். தமிழருக்கு எத்தனை மந்திரி என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழர்தான் பிரதமராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிரியோல் மீனவரின் மகளுக்கும், சீனக் கடைக்காரரின் பிள்ளைக்கும், ட்ரியோலே கிராமத்தில் கரும்பு வெட்டுகிறவரின் பிள்ளைக்கும் அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. கட்சித் தலைவரை உறுப்பினர்கள் அத்தனை பேரும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். ஆட்சியின் நடுவில் பிரதமர் விலகினால், ஆறு மாதத்துக்குள் பொதுத்தேர்தல் நடத்துவோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது அந்த அறிக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ரோஸ்ஹில் வாக்காளர் ஒருவர்