இனப்பெருக்க நலப் பாடத்தில் கருத்தடை முறைகளின் நம்பகத்தன்மையைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: கருத்தடை முறைகளின் தோல்வி விகிதத்தையும் அதற்கான காரணங்களையும் பாடநூலில் சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மாணவர்கள் படிக்கும் இனப்பெருக்க நலப் பாடத்தில் ஆணுறை, மாத்திரை, கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி, அறுவை சிகிச்சை என முறைகளின் பெயர்களும் அவை செயல்படும் விதமும் தரப்பட்டுள்ளனவே தவிர, எது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது எங்கும் சொல்லப்படவில்லை. தேர்வில் மதிப்பெண் பெற இது போதும். பின்னாளில் தம் உடல் குறித்து ஒரு முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இது போதாது.

ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் இரண்டு தோல்வி விகிதங்கள் கணக்கிடப்படுகின்றன: ஒன்று பிழையின்றிப் பயன்படுத்தும்போது உள்ளது, மற்றொன்று மறதியும் அவசரமும் கலந்த அன்றாட வாழ்வில் உள்ளது. ஆணுறையை ஒவ்வொரு உறவின்போதும் சரியாக அணிந்தால் ஓராண்டில் 100 பெண்களில் ஏறத்தாழ 2 பேர் கருவுறுகிறார்கள். நடைமுறையிலோ அந்த எண் 13 ஆக உயர்கிறது. தினசரி மாத்திரையில் அது 1-க்கும் குறைவிலிருந்து 7 ஆகிறது. காப்பர்-டியிலும் தோலுக்கடியில் பொருத்தும் கருத்தடைக் குச்சியிலும் இரண்டு எண்களுமே 1-க்குக் கீழேதான் நிற்கின்றன, ஏனெனில் ஒருமுறை பொருத்திய பின் அவை யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை. எந்த முறையையும் கையாளாதபோது இதே கணக்கு 85. மேலும், இவை ஓராண்டுக்கான எண்கள் மட்டுமே. 13 சதவீதம் என்பது ஆண்டுதோறும் அப்படியே நீடித்தால் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் கருவுற்றிருப்பார்கள் என்பதை நிகழ்தகவு படித்த எந்த மாணவரும் தாமே கணக்கிட்டுவிடலாம்.

எண்களைவிட அவற்றின் பின்னுள்ள காரணங்கள் முக்கியமானவை என்பது என் கருத்து. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை வலுவிழந்து கிழியும் என்பதோ, காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதோ, வாசக்டமி எனும் ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறொரு முறையையும் கைக்கொள்ள வேண்டும் என்பதோ பாடத்தில் இல்லை. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கக்கூடும் என்ற ஒரு வரி இருந்தால், 'பாதுகாப்பான நாட்கள்' என்ற கணக்கு ஏன் அடிக்கடி தவறுகிறது என்பது விளங்கிவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் எனும் அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் உட்கொள்ள வேண்டும் என்பதையும், அது ஏற்கெனவே உருவான கருவைக் கலைப்பதில்லை என்பதையும் தெளிவுபடுத்தினால் பல வீண் அச்சங்கள் தீரும்.

இவற்றைக் கற்பித்தால் இளையோர் வழி தவறுவர் என்ற தயக்கம் பெற்றோரிடம் உண்டு. பாலியல் கல்வி, பாலுறவில் ஈடுபடுவதை அதிகரிப்பதில்லை என்றே யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி ஆய்வுகளின் அடிப்படையில் கூறுகிறது.

ஆகவே, அடுத்த பதிப்பில் இரு தோல்வி விகிதங்களையும் அருகருகே காட்டும் ஓர் அட்டவணையையும் மேற்கண்ட காரணங்களையும் சேர்க்குமாறும், அதிலிருந்து பொதுத்தேர்வில் வினா இடம்பெறச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வினா வராத பகுதியை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்துபோகும் வகுப்பறைகள் இருப்பதைத் தாங்களும் அறிவீர்கள். கூச்சமின்றிப் பாடம் நடத்த, மருத்துவர் அல்லது செவிலியரைக் கொண்டு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் தேவை. பாடநூல் திருத்தத்துக்குக் காலமாகும் என்பதால், அதுவரை இப்பகுதியை ஒரு கூடுதல் தாளாக அச்சிட்டு, இவ்வாண்டு அப்பாடம் தொடங்கும் முன் பள்ளிகளுக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயிரியல் ஆசிரியர்