கதவுத் துளையில் தொங்கிய பேப்பர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டன் நாளிதழ்களின் சரிவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைபேசி வந்துதான் பத்திரிகை விற்பனையைக் கெடுத்தது என்கிறார் கட்டுரையாளர். தென் லண்டனில் 22 வருடம் பேப்பர் கடை நடத்தியவன் நான். என் கல்லாப்பெட்டி வேறு கதை சொல்கிறது.

எங்களுக்கு முதல் அடி விழுந்தது 1999 மார்ச்சில். 'மெட்ரோ' என்ற நாளிதழ் வந்தது, ரயில் நிலையத்திலேயே இலவசமாக அடுக்கி வைத்தார்கள். அதுவரை 'மிரர்' வாங்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டு ரயிலுக்கு ஓடியவர்கள், ஒரு தலையசைப்போடு கடையைத் தாண்டிப் போனார்கள். ஐபோன் வர இன்னும் 8 வருடம் இருந்தது. 2009இல் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்'டும் இலவசமானதும் சாயங்கால வியாபாரமும் போயிற்று.

வீட்டுக்கு வீடு பேப்பர் போடுவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. விடியற்காலை 4.30 மணிக்குக் கட்டுகள் வாசலில் வந்து விழும். ஒவ்வொரு பேப்பரின் மூலையிலும் வீட்டு எண்ணைப் பென்சிலால் எழுதிப் பைகளில் அடுக்குவோம். 13 வயது நிரம்பாத பையன்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 7 மணிக்கு முன்னால் அனுப்பவும் கூடாது. ஞாயிறு வந்தால் இணைப்புகளைக் கையாலேயே செருக வேண்டும். என் மனைவியின் விரல்கள் மைபட்டுக் கறுத்துவிடும்.

வலதுசாரிச் சாய்வுள்ள 'டெலிகிராஃப்' வாங்கும் வீடும் இடதுசாரிச் சாய்வுள்ள 'கார்டியன்' வாங்கும் வீடும் எதிரெதிரே இருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் 8 மணிக்குள் தொலைபேசி அலறும். அந்தத் தெருவில் யார் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். பாதிப் பேரின் பெயர் தெரியாது, அது வேறு விஷயம்.

14ஆம் எண் வீட்டு அம்மையார் 'டைம்ஸ்' வாங்கியது குறுக்கெழுத்துக்காக மட்டும். அது தொடங்கிய 1930இல்தான் அவரும் பிறந்தாராம். ஒருநாள், முந்தைய நாள் பேப்பர், தபால் போடும் கதவுத் துளையிலேயே தொங்குகிறது என்று பையன் ஓடிவந்து சொன்னான். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தால், அம்மையார் மாடிப்படியடியில் விழுந்து கிடக்கிறார். நல்லவேளை, இடுப்பெலும்பு முறிவோடு தப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் முதலில் சொல்லி அனுப்பியது, தான் வரும்வரை 'டைம்ஸ்' ஒன்றுவிடாமல் எடுத்து வைக்க வேண்டும் என்றுதான்.

– முன்னாள் பேப்பர் கடைக்காரர், லண்டன்