பனித்தட்டை உருக்கும் காற்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்டார்டிகா பனி உருகுவதைப் பற்றிப் பேசும்போது வெப்பநிலையோடு நிறுத்திக்கொள்கிறோம். காற்றை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம்.

அண்டார்டிக் தீபகற்பத்தின் மலைகளில் மேற்கிலிருந்து ஏறும் காற்று, ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி, சூடாகவும் வறண்டும் மாறுகிறது. இதற்கு ஃபோன் (Foehn) காற்று என்று பெயர். மேகத்தையும் இது கலைத்துவிடுவதால், கோடையில் வெயில் நேராகப் பனிமேல் விழுகிறது. கீழே கடலில் மிதக்கும் லார்சன் பனித்தட்டுகளின் மேற்பரப்பு உருகுவதில் இந்தக் காற்றுக்குப் பெரிய பங்குண்டு. 2016 மே மாதம், குளிர்கால இருட்டிலேயே லார்சன் சி மேல் உருகுநீர் குளமாகத் தேங்கியது. வெயிலே இல்லாமல், வெறும் காற்றால்!

தேங்கிய நீர் விரிசலுக்குள் இறங்கி அதைப் பிளக்கும். 2002-ல் லார்சன் பி-யில் சுமார் 3,250 சதுர கி.மீ. பனி ஐந்தே வாரங்களில் நொறுங்கியது. மிதக்கும் பனி உடைவதால் கடல் மட்டம் நேரடியாக உயராது, சரி. ஆனால் அது தடுத்து வைத்திருந்த பனியாறுகள் அப்புறம் வேகமெடுத்தன. அவை கொண்டுவருவது நிலத்துப் பனி. கடலை உயர்த்துவது அதுதான்.

இந்தக் காற்றைப் பற்றியும் உங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்