கித்துல்கல ராஃப்டிங்: தமிழ் வழிகாட்டிக்குப் பணம் வாங்கிவிட்டு ஆள் அனுப்பாதது பற்றிய முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கடந்த ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் உங்களிடம் படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர் வான் ஒன்றை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்த குடும்பம் நாங்கள். கித்துல்கலவில் ராஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் காற்றடைத்த படகில் போவது), அன்று பின்னேரம் பெலிலென குகை, மறுநாள் ஹற்றன் பக்கத்து நீர்வீழ்ச்சிகள் என்று பயணத் திட்டத்தைப் போட்டுத் தந்ததும் உங்கள் அலுவலகம்தான். நான், கணவர், 14 வயது மகன், 11 வயது மகள், என் தம்பி என ஐந்து பேர் போனோம். வான் வாடகைக்கு மேலே, "தமிழ் பேசும் வழிகாட்டி" என்று தனியாக ஒரு வரி எழுதி 9,000 ரூபாய் வாங்கினீர்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

அந்த வழிகாட்டி வரவேயில்லை. நான் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

வானில் இருந்த குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே மின்விசிறிக்கும் விளக்குக்குமான இரண்டாவது பற்றரி சார்ஜ் ஏறவில்லை. தண்ணீர்த் தாங்கி பாதிதான் நிரப்பியிருந்தது. ஜன்னல் வலை கிழிந்து, இரவு முழுக்க நுளம்பு. இவற்றை நாங்கள் பொறுத்துக்கொண்டோம், இதற்காகக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பெலிலெனவுக்கும் போக முடியவில்லை. பாதை ஒடுக்கம், செங்குத்தான ஏற்றம், இந்த வாகனம் ஏறாது என்று சாரதி சொன்னார். அவர் சொன்னது சரி, அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆதி மனிதரின் எலும்புகள் கிடைத்த அந்தக் குகையைப் பார்க்கத்தான் மகன் மாதக்கணக்காகக் காத்திருந்தான். எந்தப் பாதையில் உங்கள் வான் ஏறும், எதில் ஏறாது என்பது திட்டம் போடும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

இங்கே திருகோணமலையில் ஓகஸ்ட் என்றால் வெயில் கொளுத்தும், கடல் குளம் போலக் கிடக்கும். அங்கே அது தென்மேல் பருவமழைக் காலம். முதல் நாள் இரவு மழை கொட்டி, களனி கங்கை மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே மின்நிலையங்களில் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்தும் அங்கே ஆற்றின் மட்டம் மாறும் என்று பிறகுதான் அறிந்தோம். கரையில் ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். முழுவதும் ஆங்கிலம். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றதால் வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். மகளுக்குத் தந்த உயிர்காப்பு அங்கி பெரியவர்களுடையது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காது வரைக்கும் ஏறியது. சின்னது கேட்டதற்குப் பட்டியை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டார்கள்.

பிறகு பாதுகாப்பு விளக்கம். மூன்று நிமிடம் இருக்கும். சிங்களத்தில் வேகமாகச் சொல்லி, இடையிடையே ஆங்கிலச் சொற்களைப் போட்டு முடித்துவிட்டார்கள். கணவருக்குக் கடைத்தெருவில் பேசுகிற அளவு சிங்களம் தெரியும். அவர் ஒரு வசனத்தை எங்களுக்குச் சொல்லி முடிக்கும்போது அங்கிருந்த படகு வழிகாட்டி நாலாவது வசனத்தில் நின்றார். தமிழ் வழிகாட்டி எங்கே என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு ஏற்பாடே தெரியாது. உங்கள் அலுவலகத்துக்கு எடுத்த இரண்டு அழைப்புகளுக்கும் பதில் இல்லை. அப்போதே திரும்பியிருக்கலாம். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஏறினோம்.

துடுப்பின் நுனிப்பிடியை உள்ளங்கையால் மூடிப் பிடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் வாயில் அது அடிக்கும். எங்களுக்கு அது விளங்கியிருக்கவில்லை. பாறைகளுக்கிடையே ஆறு சீறி ஓடும் முதல் பாய்ச்சலிலேயே கணவரின் துடுப்புப் பட்டுத் தம்பியின் உதடு வெடித்தது. இரண்டாவது பாய்ச்சலில் படகு பாறையில் இடித்துச் சரிய, மகன் வெளியே விழுந்துவிட்டான்.

படகு வழிகாட்டி "ஃபீட் அப், ஃபீட் அப்" என்று கத்தினார், காலை மேலே தூக்கு என்று. தண்ணீர் இரைச்சலில் அது மகனுக்கு "கெட் அப்" என்று கேட்டிருக்கிறது. எழும்பி நில் என்று சொல்கிறார்கள் என நினைத்து, பிள்ளை காலை ஊன்றினான். கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கியது. பின்னாலிருந்து தண்ணீர் அவன் முதுகை அழுத்திக் குப்புறத் தள்ளியது. தலைக்கவசம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. எத்தனை விநாடி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. செருப்பின் வார் அறுந்ததால் கால் விடுபட்டது. அதனால்தான் இன்று என் மகன் இருக்கிறான்.

பின்னால் வந்த வேறொரு குழுவின் படகிலிருந்து "தம்பி, மல்லாக்கப் படு! காலைத் தண்ணிக்கு மேல தூக்கு! முன்னுக்கு நீட்டு!" என்று ஒரு குரல் தமிழில் கேட்டது. கேட்டவுடனே மகன் அப்படியே செய்தான். அந்த இளைஞர் அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து அவனைத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டார். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவராம். கரைக்கு வந்ததும் என் பிள்ளைகள் இருவரையும் இருத்தி, விழுந்தால் எப்படி மிதப்பது, எறியும் கயிற்றை எப்படிப் பிடிப்பது, ஆற்றில் ஏன் எழும்பி நிற்கக்கூடாது என்று பத்து நிமிடம் தமிழில் சொல்லிக் கொடுத்தார். காசு நீட்டியும் வாங்கவில்லை. தமிழ் தெரிந்த வழிகாட்டிகள் கிடைப்பதில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது, ஐயா. அந்த ஆற்றிலேயே இருக்கிறார்கள். நீங்கள் தேடவில்லை.

திருகோணமலைக்குத் திரும்பி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். இப்போதும் நித்திரையில் திடுக்கிட்டு எழும்புகிறான்.

இது நடந்த மறுநாள் உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் சொன்னது இதுதான்: "நீங்கள் திருகோணமலை ஆட்கள்தானே அக்கா, கடலிலே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணி பழக்கம்தானே."

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் மகன் கடலில் வளர்ந்தவன் என்பதால்தான் அன்று சாகப் பார்த்தான். உப்புவெளிக் கரையில் அலை புரட்டிப் போட்டால், காலை ஊன்றி எழும்பு என்றுதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கீழே மணல். அடித்த அலை பின்வாங்கும், மூச்செடுக்க இடைவெளி கிடைக்கும். ஆறு அப்படி இல்லை. அடியில் பாறை இடுக்குகள், பின்னால் ஓயாமல் தள்ளுகிற தண்ணீர். கடலில் காப்பாற்றுகிற பழக்கமே ஆற்றில் ஆளைக் கொல்லும். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்குத்தான் இதை எல்லோரையும் விட விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதுவும் இரைச்சலுக்குள், பயத்துக்குள், யோசிக்காமலே விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் 9,000 ரூபாய் தந்தோம். ஊர் பார்க்கும்போது கதை சொல்ல ஆள் கேட்கவில்லை.

விளம்பரத் துண்டைத் தமிழில் அச்சிட்டு இங்கே கடை கடையாகக் கொடுத்தீர்கள். பணம் வாங்கும்போதும் தமிழில்தான் பேசினீர்கள்.

வழிகாட்டிக்கு வாங்கிய 9,000 ரூபாயையும் ஐந்து பேருக்கான ராஃப்டிங் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அதைவிட எனக்கு முக்கியமானது வேறு. இனி தமிழ்க் குடும்பமொன்றை ஆற்றுக்கு அனுப்பும்போது, பாதுகாப்பு விளக்கத்தைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் கரையில் நிற்பதை உறுதிப்படுத்துங்கள். கையெழுத்து வாங்கும் படிவம் தமிழிலும் இருக்கட்டும், அதைப் புறப்படுவதற்கு முதல் நாளே தாருங்கள். பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். எங்களுக்குப் பின் அடுத்த விடுமுறைக்கு உங்களிடம் பதிந்திருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். சேவை வழங்குகிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதை வழங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பற்றுச்சீட்டு, மருத்துவக் குறிப்பு, வார் அறுந்த செருப்பின் படம் மூன்றையும் இணைத்துள்ளேன்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளரும்
அந்தப் பிள்ளையின் தாயும்