கடலூர்க் கரையில் இஞ்சிக்கு ஏற்ற பருவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் இஞ்சி வளர்ப்பு குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் மண்கலவை பற்றியும் அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவையே. ஆனால், கோடை மழை விழுந்ததும் கிழங்கை ஊன்றிவிட்டால் மற்றதைப் பருவமழை பார்த்துக்கொள்ளும் என்ற பொருள்பட அக்கட்டுரை தரும் அறிவுரை வயநாட்டுக்கும் குடகுக்கும் பொருந்துமே தவிர, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொருந்தாது. இவ்விரு ஊர்களிலும் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ இஞ்சி வைக்கும் வாசகர்கள் கணிசமாக இருப்பதால், இதை விளக்கமாக எழுதுவது தேவை என்று கருதுகிறேன்.

இஞ்சி ஏறத்தாழ எட்டு மாதப் பயிர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை பெய்யும்போது கிழங்கை ஊன்றுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் பயிர் தூர் கட்டித் தழைக்கிறது. பின்னர் மழை படிப்படியாகக் குறைந்து மண் உலர்ந்துவர, கிழங்கு முதிர்கிறது. டிசம்பர், ஜனவரியில் இலை காய்ந்ததும் தோண்டி எடுக்கிறார்கள். நம் கரையில் இந்த வரிசை தலைகீழாக அமைந்திருக்கிறது. நட்ட பின் வரும் முதல் நான்கு மாதங்கள் பெரும்பாலும் வெயிலும் வறண்ட மேல்காற்றுமாகக் கழிகின்றன. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. கிழங்கு பருத்து மாவுச்சத்து சேரும் மாதங்களில்தான் தொட்டி நீரில் ஊறுகிறது. ஆகவே இங்கே இஞ்சி வளர்ப்பவர் ஆனியிலும் ஆடியிலும் நீருக்காகவும், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடிகாலுக்காகவும் கவலைப்பட வேண்டியவர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், நடவு முதல் அறுவடை வரையிலான மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்தே பிறந்துவிடும்.

முதலில் நடவுக் காலம். கத்திரி வெயில் மே மாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், அந்த நாட்களில் கிழங்கை நேரடியாக மாடித் தொட்டியில் ஊன்றினால் சூடேறிய மண்ணில் அது முளைக்கும் முன்பே சுருங்கிவிட வாய்ப்புண்டு. அதற்காக ஆடி வரை காத்திருந்தால், மழைக்காலம் தொடங்கும்போது பயிர் இளம்பயிராகவே இருக்கும். சித்திரையில் வீட்டுக்குள் அல்லது நிழலில் முளைகட்ட வைத்து, கத்திரி முடிந்த கையோடு, வைகாசி நடுவிலிருந்து இறுதிக்குள், தொட்டிக்கு மாற்றுவதே இங்கு உகந்த வழி. சந்தையில் அந்த மாதங்களில் கிடைக்கும் பழைய இஞ்சியே விதைக்கு ஏற்றது. நார் பிடித்ததாக, தோல் கெட்டியாக, மொட்டுகள் தெளிவாகத் தெரிவதாகப் பார்த்து வாங்க வேண்டும். 20 முதல் 25 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றில் ஓரிரு மொட்டு இருந்தால் போதும். நறுக்கிய முகத்தை ஓரிரு நாள் நிழலில் ஆறவிட்டு, ஈர மணலிலோ தேங்காய் நார்க்கழிவிலோ மேலாகப் புதைத்து வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலானவை முளைவிடும். சில கிழங்குகள் ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் என்பதால், முளைக்கவில்லை என்று அவசரப்பட்டு எறிந்துவிடக் கூடாது.

சிறு குழிகள் கொண்ட குழித்தட்டில் நாற்று விடும் முறை இதைவிடச் சிக்கனமானது. ஒரே மொட்டுடன் கூடிய 5 கிராம் அளவிலான சிறு துண்டுகளை, மட்கிய நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையில் வைத்து, 30 முதல் 40 நாட்களில் நாற்றாக எடுத்து நடுகிறார்கள். விதைக்கிழங்கின் தேவை இதில் வெகுவாகக் குறைகிறது. முளைக்காதவற்றையும் நோயுற்றவற்றையும் தட்டிலேயே கழித்துவிடவும் முடிகிறது. சித்திரை முதல் வாரத்தில் தட்டில் வைத்தால் கத்திரி முடியும்போது நாற்று தயாராக இருப்பதால், நம் ஊர்ப் பருவத்துக்கென்றே வகுத்தது போல இம்முறை பொருந்துகிறது.

தொட்டியைப் பொறுத்தவரை ஆழத்தைவிட அகலமே முக்கியம். கிழங்கு பக்கவாட்டில் பரவுவது. ஓர் அடி ஆழம் தாராளமாகப் போதும். கடலோரக் கொல்லைகளின் மணல் நீரைப் பிடித்து வைக்காது. வெறும் நார்க்கழிவோ மழையில் நீரை விடவே விடாது. செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் ஆகியவற்றை ஏறக்குறைய சம அளவில் எடுத்து, வேப்பம் பிண்ணாக்கை ஒரு கைப்பிடியும் டிரைக்கோடெர்மா பூஞ்சாணத்தைச் சிறிதளவும் சேர்த்துக்கொள்வது வடிகாலுக்கும் நோய்த் தடுப்புக்கும் உதவும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கிடைப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். முழு வெயில் இஞ்சிக்குத் தேவையில்லை. கால் பங்கு நிழல் அதற்கு நல்லதே என்பதால் தென்னையின் கீழும் மாமரத்தின் ஓரத்திலும் அது மகிழ்ச்சியாக வளரும். 2011-ஆம் ஆண்டின் தானே புயலில் மரங்களை இழந்த கொல்லைக்காரர்களும், மாடியைத் தவிர வேறிடம் இல்லாதவர்களும் ஆவணி வரையிலாவது நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும்.

நீரைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. கடலோரத் தெருக்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பேறியிருப்பது அங்கு குடியிருப்பவர்கள் அறிந்ததே. இஞ்சி உப்பைத் தாங்காத பயிர். இலை நுனிகள் கருகி, அந்தக் கருகல் ஓரங்களில் இறங்கினால், உரக் குறை என்று எண்ணி மேலும் உரம் இடுவதற்கு முன் நீரின் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். அரிசி, பருப்பு கழுவிய நீரைத் தொட்டிக்கு விடலாம். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யிலிருந்து வடியும் நீரும் உப்பற்றதே. ஓலை, சருகு, வைக்கோல் என எது கிடைத்தாலும் மூடாக்காகப் பரப்பிவிட்டால் ஆடிக் காற்றில் மண் உலர்வதும் குறையும். நட்ட 45-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் சிறிது மட்கு உரம் போட்டு மண் அணைத்தால் போதும்; வெளியே எட்டிப்பார்க்கும் கிழங்கு வெயில் பட்டுப் பச்சை நிறமாகிவிடும்.

இனி வருவதுதான் நம் கரைக்கே உரிய சோதனை. புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளின் அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல்மீது ஏற்றி, அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். தரையில் நட்டிருப்பவர்கள் மேட்டுப்பாத்தியைக் குறைந்தது முக்கால் அடி உயர்த்தி, இரு பக்கமும் நீர் ஓடக் கால் வெட்டியிருக்க வேண்டும். கெடிலமும் தென்பெண்ணையும் பெருகினால் நீர் தேங்கும் தாழ்ந்த பகுதிகளில் தரையில் இஞ்சி நடாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. தூறல் மழையால் கேடில்லை. ஆனால் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் தந்தது போன்ற மழையில் எந்த மண்கலவையும் ஈடுகொடுக்காது. எச்சரிக்கை வந்தவுடன் தொட்டிகளைச் சன்ஷேடின் கீழோ தாழ்வாரத்திலோ நகர்த்திவிட்டு, மழை ஓய்ந்த பின்னும் மேல்மண் உலரும் வரை நீர் விடாதிருக்க வேண்டும். தூக்க முடியாத சிமெண்டுத் தொட்டியில் இஞ்சி வேண்டாம் என்று நான் அறிந்தவர்களுக்கெல்லாம் சொல்வது இதனால்தான்.

நீர் தேங்கினால் வருவது கிழங்கழுகல். பித்தியம் என்னும் பூஞ்சாணம் தண்டின் அடியைத் தாக்க, கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, தண்டின் அடி நீர்க்கோத்தது போலாகி, இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடும். கிழங்கு துர்நாற்றம் வீசும். பாக்டீரியாவால் வரும் வாடல் நோயும் ஏறத்தாழ இதைப் போலவே தோன்றும். சந்தேகம் இருந்தால் தண்டின் அடியை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எதுவானாலும் அந்தத் தொட்டியை உடனே தனியே பிரித்து, செடியை எரித்துவிட்டு, அந்த மண்ணில் அடுத்த ஆண்டு இஞ்சியோ மஞ்சளோ, தக்காளி, மிளகாய், கத்தரியோ வைக்காதிருப்பதே பாதுகாப்பு. அழுகலுக்கு மருந்து தேடி அலைவதைவிட மழைக்கு முன் துளைகளைச் சரிபார்ப்பது எளிது.

அறுவடையை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் வளர்ப்பதன் பெரிய வசதியே அது. வைகாசியில் நட்டது ஐப்பசியில் ஐந்து மாதப் பயிராகியிருக்கும். அப்போது தொட்டியின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கி, வேண்டிய அளவு கிள்ளி எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடலாம். நார் ஏறாத அந்தப் பிஞ்சு இஞ்சி முரப்பாவுக்கும் ஊறுகாய்க்கும் தீபாவளி இலேகியத்துக்கும் மிக ஏற்றது. பெருமழைக்கு முன் ஒரு பங்கு வீட்டுக்குள் வந்துவிடுவதால் நட்டத்தின் அளவும் குறைகிறது. மீதியைத் தை வரை விட்டால், பொங்கல் பானையில் கட்ட இலையோடு கூடிய இஞ்சிக் கொத்து நம் தொட்டியிலிருந்தே கிடைக்கும். இலை முழுதும் காய்ந்த பின் தோண்டுவதே சுக்குக்கும் அடுத்த ஆண்டு விதைக்கும் உரியது. விதைக்கென ஒதுக்கியதைக் கழுவாமல், நிழலில், உலர்ந்த மணலில் சித்திரை வரை வைத்திருக்கலாம்.

சுக்கையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. கடைச் சுக்கில் ஒரு பகுதி வெண்மைக்காகச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து உலர்த்தப்படுவது. முதிர்ந்த இஞ்சியை ஊறவைத்து, தோலை மூங்கில் சிம்பால் சுரண்டி, மாசி வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் காயவைத்தால், எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி நல்ல சுக்கு கிடைக்கும். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் உலரும்போது ஷோகாலாக மாறுகிறது. இது முன்னதைவிடக் காரமானது என்பதால், சுக்குமல்லிக் காப்பிக்கும் பானகத்துக்கும் சிறிதளவே போதும். தேநீர் போடுபவர்களுக்கு இன்னொன்று. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. அதனால்தான் பாலில் நேராகத் தட்டிப்போட்டால் பால் திரிகிறது. முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்ட பிறகு பாலை ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. வயிற்றுப் புரட்டலுக்கும் மசக்கைக் குமட்டலுக்கும் இஞ்சி உதவுவது ஆய்வுகளிலும் தெரியவந்துள்ளது. எனினும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோர் நாள்தோறும் இஞ்சிச் சாறு குடிக்கத் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கேட்பது நல்லது.

2023-ஆம் ஆண்டு தக்காளியோடு சேர்ந்து இஞ்சியும் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது பலர் தொட்டியில் இஞ்சி வைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இன்றும் சந்தைக் கிழங்கைத் தவிர வேறு விதை இல்லை. அது எந்த ஊரின் நோயைச் சுமந்துவருகிறது என்பதை யாரும் அறிய முடியாது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா, ரஜதா, மஹிமா ஆகிய இரகங்கள் ஏறத்தாழ 200 நாட்களில் முதிர்பவை. வைகாசி இறுதியில் நட்டால் மார்கழிக்குள் எடுத்துவிடலாம். தமிழகத் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளை என்னும் பொருள் தொகுப்பில் வளர்ப்புப் பைகளும் நார்க்கழிவும் காய்கறி விதைகளும் மானிய விலையில் தருகிறது. அதோடு, மே மாத இறுதியில் இவ்வகை இரகங்களின் குழித்தட்டு நாற்றுகளையும் விலைக்குத் தரலாம். விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் நாற்று உற்பத்தியை ஏற்றால், இரு பக்கத்து மக்களுக்கும் அது எட்டும் தொலைவிலேயே கிடைக்கும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. வீட்டுத் தோட்டக் குறிப்புகளை வெளியிடும்போது அவை எந்தப் பருவமழைப் பகுதிக்கு உரியவை என்று ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் கிழக்குக் கரைக்கான நடவுக் குறிப்பைப் பங்குனிக்குள் வெளியிட்டால், வாசகர்கள் சித்திரை முதல் வாரத்தில் கிழங்கை முளைகட்ட வைக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்